ஒன்பது மணியிலிருந்து ரெண்டு மணி வரை

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளிடம் எல்லோரும் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. "குழந்தை தூங்கறப்ப நீயும் தூங்கிக்கோ." தையல் பிரித்த நர்ஸ் சொன்னார், பார்க்க வந்த அத்தை சொன்னார், கோயம்புத்தூரிலிருந்து போனில் ஆபீஸ் தோழி சொன்னாள், எதிர்வீட்டுக்காரர் கூட வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அதே வீட்டில் அதே நாளில் நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் ஆச்சி கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். "ஏட்டி, பிள்ள பெத்தவ பகல்ல படுக்கக் கூடாது, உடம்புல நீர் கோத்துக்கிடும்." ராத்திரியில் மகள் விடமாட்டாள், பகலில் ஆச்சி விடமாட்டாள்.

இதைச் சொல்லி இப்போது எல்லோரும் சிரிக்கிறோம். நானும்தான். ஆனால் என் கதையில் ஆச்சியும் மகளும் வில்லிகள் இல்லை. பதினெட்டாம் நாள் ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகள் முதல்முறையாக மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினாள். சேலைத் தூளி அசையவே இல்லை. அம்மா கீழே பாய்விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அழுகை இல்லை, பால் கட்டவில்லை, தையல் கூட அன்றைக்குப் பெரிதாக வலிக்கவில்லை. நான் மட்டும் கண்ணைத் திறந்தபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் வீடு கோவில்பட்டியில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. எது கூட்ஸ், எது பயணிகள் வண்டி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற அளவுக்கு அந்த மாசம் நான் தேறியிருந்தேன்.

தூங்க நேரம் கிடைக்காமல் இருப்பது ஒன்று. நேரம் கிடைத்து, குழந்தையும் தூங்கி, உடம்பு அடித்துப்போட்டதுபோல இருந்தும் தூக்கம் வராமல் கிடப்பது வேறு ஒன்று. முதலாவது எல்லா அம்மாக்களுக்கும் நடக்கிறது. ரெண்டாவது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம், அதை ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்தை எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் ஏழு வாரம் மிச்சமாகியிருக்கும். இப்போது என் சித்தி மகளுக்கு எட்டாம் மாசம். போன வாரம் விடிகாலை மூணே காலுக்கு "அக்கா முழிச்சிருக்கியா" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கர்ப்ப காலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தொடங்கியதே அங்கேதான், அது தெரியவந்தது மட்டும் பிறகு.

மசக்கை மாசங்களில் தூக்கம் கொட்டிக் கிடந்தது. புரொஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் அப்போது ஏறிக்கொண்டே போகும், அதற்கு ஆளைச் சொக்கவைக்கிற குணம் உண்டு. ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலைவைத்தால் கன்னத்தில் கீபோர்டு தடம் விழுந்திருக்கும். ஒருநாள் பஸ்ஸில் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடம் தாண்டி நாலு ஸ்டாப் போய்விட்டேன். ஆறாம் மாசம் வரை எல்லாம் கேலிப்பேச்சுதான். ஏழுக்கு மேல் கதை மாறியது. ராத்திரிக்கு நாலு தடவை பாத்ரூம், படுத்தால் நெஞ்சுக்கரிப்பு, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படு என்று சொல்லியிருந்தார்கள், அப்படிப் படுத்தால் கீழ்ப்பக்கத் தோள் மரத்துப்போகும். கூடவே காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல ஒரு அவஸ்தை, அசைத்தால்தான் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். இதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, "கால் ஊருது" என்றால் என்னவென்று நினைப்பார்கள்? இப்படி ஒரு கோளாறு உண்டு, கர்ப்பத்தில் நிறையப் பேருக்கு வருகிறது, பல பேருக்கு அதற்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். எனக்கும் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை மலச்சிக்கலுக்குப் பயந்து பாதி நாள் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த புத்திசாலி நான்.

இவையெல்லாம் உடம்பு செய்கிற தொல்லை. எட்டாம் மாசம் வந்தது வேறு மாதிரி. சரியாக மூன்று மணிக்கு முழிப்பு வரும். பாத்ரூம் அவசரம் இல்லை, நெஞ்சுக்கரிப்பு இல்லை, கால் ஊரவில்லை. சும்மா முழிப்பு. முழித்த நிமிஷத்திலேயே வயிற்றில் ஒரு கனம், பிள்ளையின் கனம் இல்லை அது, பரீட்சைக்குப் படிக்காமல் போகும்போது இருக்குமே அது. அப்புறம் விடிகிறவரை ஒரே யோசனை. இந்தப் பிள்ளையை என்னால் வளர்க்க முடியாது, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், வளைகாப்பில் எல்லோரும் பூசிவிட்ட சந்தனத்துக்கு நான் தகுதியில்லாதவள். பகலில் இந்த யோசனைகளை எடுத்துப் பார்த்தால் எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மூன்று மணிக்கு மட்டும் அது சத்தியம்.

அடுத்த செக்கப்பில் தூக்கம் வரவில்லை என்று சொன்னேன். "நிறைமாசத்துல யாருக்கும்மா தூக்கம் வருது, பிறந்தா எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, வெளியே அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் "தூக்கம் வரல" என்றுதான் சொன்னேனே தவிர, முழித்துக்கொண்டு என்ன நினைக்கிறேன் என்று சொல்லவில்லை. என் ஃபைலில் எடை, பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின், குழந்தையின் நாடித்துடிப்பு எல்லாம் மாசாமாசம் எழுதியிருக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு இடத்தில் கூட யாரும் எழுதவில்லை, கேட்டால்தானே எழுத?

பிரசவத்துக்குப் பின்னால் வரும் மனச்சோர்வு என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் அது பிள்ளை பிறந்த பிறகுதான் வரும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் பிரசவமான 10,000 பெண்களைப் பரிசோதித்து 2013ல் வெளியான ஒரு ஆய்வில், மனச்சோர்வு இருக்கலாம் என்று கண்டறியப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு அது கர்ப்பத்திலேயே தொடங்கியிருந்தது. இன்னும் கால்வாசிப் பேருக்கு அதற்கும் முன்னாலேயே. கர்ப்பத்தின் கடைசி மாசங்களில் தூக்கம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வருகிற வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. என் சித்தி மகளுக்கு மூணே காலுக்கு நான் பதில் போட்டதற்கு அதுதான் காரணம்.

மகள் பிறந்தது 2022 செப்டம்பர், ஆபரேஷன். தமிழ்நாட்டில் இது ஒரு விசேஷமே இல்லை, அந்தக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன்தான். நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ரசம் சோற்றில் கருவேப்பிலை கிடந்ததற்கு அழுதேன். இதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, பெற்ற பெண்களில் பாதிக்கு மேல் பேருக்கு முதல் வாரத்தில் இப்படி வரும், நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஹார்மோன்கள் மளமளவென்று இறங்குவதும் இதற்கு ஒரு காரணம், ரெண்டு வாரத்துக்குள் தானாக வடிந்துவிடும். எனக்கு அழுகை வடிந்தது. அதன் பிறகு வந்தது அழுகை இல்லை, ஒன்றுமே இல்லாத ஒன்று. மகளைப் பார்த்தால் அவள் அழகாக இருக்கிறாள் என்று தெரியும், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல.

வீட்டில் கவனிப்புக்குக் குறை ஒன்றும் இல்லை. காலையில் லேகியம், பூண்டு வறுத்துப் போட்ட குழம்பு, ரெண்டு நாளைக்கு ஒருதரம் சுறாப்புட்டு, வயிற்றை இறுக்கித் துணிகட்டு, வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளியல். என் உடம்பின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஆச்சியிடம் ஒரு மருந்து இருந்தது. பார்க்க வருகிறவர்களும் பாலைத்தான் கேட்டார்கள். "பால் போதுதா?" என்னவோ ஆவின் டிப்போவை விசாரிப்பதுபோல. ராத்திரி தூங்கினாயா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், ஆனால் அதற்கு நான் "இல்லை" என்றால் "பச்சப்பிள்ள வீட்ல அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படித்தான் என்பது உண்மையும் கூட. பிறந்த குழந்தை ஒருநாளைக்கு 14லிருந்து 17 மணி நேரம் தூங்கும், ஆனால் அதைத் துண்டு துண்டாகத் தூங்கும், ராத்திரி பகல் என்று பிரிக்கிற கடிகாரம் அதன் உடம்பில் ரெண்டு மூன்று மாசம் கழித்துத்தான் ஓட ஆரம்பிக்கும். "பிள்ள பகல ராத்திரியா மாத்தி வச்சிருக்கு" என்று சொல்கிறோமே, அது எதையும் மாற்றவில்லை, அதற்கு இன்னும் ரெண்டும் ஒன்றுதான்.

சிக்கல் என்னவென்றால் இந்த "அப்படித்தான்" ஒரு நல்ல திரை. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். கண்ணுக்குக் கீழே கருவளையமா, பச்சப்பிள்ள வீடு. பேச்சுக் குறைந்துவிட்டதா, பச்சப்பிள்ள வீடு. சோறு இறங்கவில்லையா, பத்தியச் சாப்பாடு பிடிக்கவில்லை. நானும் அந்தத் திரைக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடிப்படியில் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் அவள் என் கையிலிருந்து நழுவி விழுவதுபோல ஒரு காட்சி வரும். அரைநொடிதான். படிப்படியாக மாடிக்குப் போவதையே விட்டேன், பிறகு அரிவாள்மணை இருக்கிற அடுப்படிக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போவதை விட்டேன். என் மனசுக்குள் ஏதோ கொலைகாரி இருக்கிறாள் என்று நம்பினேன். இந்த மாதிரி எண்ணங்கள் புதிதாகப் பெற்ற அம்மாக்களில் ரொம்பப் பேருக்கு வருகின்றன, அதைக் கண்டு பதறுவதே அது ஆசை இல்லை பயம் என்பதற்கு அடையாளம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் அழுத அழுகை, கருவேப்பிலை அழுகையைவிடப் பெரிது.

டாக்டரிடம் எப்படிப் போனேன் என்றால், என் வீட்டுக்காரரால்தான். அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய்விடுவார். தீபாவளிக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல இருந்தார். அதில் ஒருநாள் ஒன்பது மணிக்கு மகளை வாங்கிக்கொண்டு, நீ போய்ப் படு, பாலுக்கு அழுதால் மட்டும் எழுப்புகிறேன் என்றார். அன்றைக்குப் பார்த்து அவள் அப்பா நெஞ்சில் படுத்து ரெண்டு மணி வரை அழவே இல்லை. ரெண்டு மணிக்கு என்னை எழுப்ப வந்தவர் கட்டிலில் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு திண்ணைக்கு வந்தார். நான் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

"அஞ்சு மணி நேரம் வச்சிருந்தேனே, நீ ஏன் தூங்கல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. பிள்ளை அழவில்லை. பால் கேட்கவில்லை. திரை விலகிவிட்டது.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் போவது என்று முடிவானதும் வீட்டில் நடந்ததை விவரிக்கத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் அதேதான் நடக்கும். பால் கொடுக்கிறவ மாத்திரை சாப்பிடலாமா, ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க, ஒரு தடவை மந்திரிச்சுப் பாத்துடலாமே. பெரியம்மா ஒருத்தி மட்டும், "பொம்பளப் பிள்ளயாப் போச்சுன்னு மனசு விட்டுட்டா போல, அடுத்தது பையனாப் பெத்துக்கிடலாம்" என்றாள். எனக்கு மகள்தான் வேண்டியிருந்தது, அது வேறு கதை. ஆனால் பெரியம்மா சொன்னதில் யாருக்கோ எங்கேயோ உண்மை இருக்கிறது. வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசியிலிருந்து பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் வரை பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்து 2002ல் வெளியிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடோ பெற்றவர்களோடோ ஒத்துப்போகாதவர்கள், கர்ப்பத்தில் பெரிய கஷ்டம் ஒன்றைச் சந்தித்தவர்கள், அப்புறம் வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள். அந்தக் கடைசிக் காரணத்தை நான் இரண்டு தடவை படித்தேன். இது மேல்நாட்டு வியாதி, நம் ஊரில் கூட்டுக்குடும்பம் இருக்கிறது, இங்கே வராது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆய்வே போதும், நம் ஊர்ப் பெண்களைப் பற்றியது, இருபது வருஷத்துக்கும் முந்தியது.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, தமிழிலும் மொழிபெயர்த்து நம் பெண்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். ஏழாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அது கேட்கவில்லை. மனசு சரியில்லாததால் தூங்குவதற்கே சிரமமாக இருந்ததா என்று கேட்கிறது. குழந்தை எழுப்பியதை அது கணக்கில் எடுக்கவே இல்லை. அந்தத் தாளை எழுதியவர்களுக்கு அந்த வித்தியாசம் முப்பத்தைந்து வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதா என்பது. "எப்போதாவது" என்பதில் டிக் அடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அதுவரைக்கும் அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. என் மொத்த மதிப்பெண் 19. முப்பதுக்கு.

அந்தத் தாளை மட்டும் வைத்து அவர் முடிவு செய்யவில்லை, ஒரு மணி நேரம் பேசினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு கெட்டுப்போகும், அதுவும் இதே வேஷம் போடும், ரத்தசோகையும் அப்படியே. எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 8.9. தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த மாத்திரைகள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாலில் அது மிகக் கொஞ்சமாகத்தான் கலக்கும், பால் கொடுக்கிற அம்மாக்களுக்கு டாக்டர்கள் வழக்கமாக முதலில் யோசிக்கிற மருந்துகளில் ஒன்று, பாலை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவைப் பார்த்துத் தனியாகச் சொன்னார், ஏனென்றால் கேட்க வேண்டிய ஆள் அம்மா என்று அவருக்கு வந்த உடனே தெரிந்துவிட்டது. மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் இதைச் செய்யுங்கள் என்று சீட்டின் அடியில் எழுதினார்: இரவு 9 முதல் 2 வரை குழந்தை வேறு ஒருவரிடம், வேறு அறையில்.

அம்மா அந்த வரியை மாத்திரைப் பெயரைவிடச் சந்தேகமாகப் பார்த்தாள். "பெத்தவ பக்கத்துல இல்லாம பிள்ள எப்படித் தூங்கும்?" டாக்டர் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இல்லை, சாரம் இதுதான்: தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் தூக்கம் இன்னும் கெடும், ரெண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றும், எங்காவது ஒரு இடத்தில் குறுக்கே நின்றால்தான் சுற்று நிற்கும், நாலஞ்சு மணி நேரம் அறுபடாத தூக்கம்தான் கைக்கு எட்டுகிற இடம். நீங்கள் லேகியம் கொடுப்பதுபோல இதையும் மருந்தாக நினைத்துக் கொடுங்கள் என்றார். லேகியம் என்றதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரியே முறை போட்டார்கள். ஒன்பதுக்கு நான் பால் கொடுத்துவிட்டு, இன்னொரு வேளைக்குப் பீய்ச்சிக் கிண்ணத்தில் மூடிவைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்விட வேண்டும். நடுவில் பசித்தால் அம்மா பாலாடையில் புகட்டுவாள். மூக்கு வைத்த சின்ன வெள்ளிப் பாலாடை, எனக்கே புகட்டியதாம், பரணிலிருந்து இறங்கி வந்தது. பீய்ச்சிய பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பதை அம்மா நம்பவே இல்லை, மணிக்கு ஒருதரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தூளி கூடத்துக்கு மாறியது. என் போனை அப்பா வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அதற்குமுன் ராத்திரி முழுக்க நான் கூகுளில் எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது, தெரியாததே நல்லது.

முதல் மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நடக்கவில்லை என்று யாராவது விட்டுவிடக் கூடாது. உள்ளறையில் படுத்துக்கொண்டு அவள் அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், அழாதபோதும் அழுவதுபோலக் கேட்டது. நாலாம் நாள் மழை. கோவில்பட்டியில் ஐப்பசி மழை பெய்தால் தகரத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. அன்றைக்கு எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது மணி ஒண்ணே முக்கால், தலையணை எச்சிலால் நனைந்திருந்தது, மார்பு கல்லாகக் கட்டியிருந்தது, கூடத்தில் அம்மா குரல் கேட்டது, மகளிடம் ஏதோ பருத்திக்கொட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பசித்தது. ரெண்டு மாசத்தில் முதல்தடவையாக.

அதற்காக மறுநாள் எல்லாம் மாறிவிடவில்லை. மகளைப் பார்த்தால் மனசுக்குள் ஏதாவது அசைய இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. மாத்திரையை ஒன்பது மாசம் போல எடுத்தேன், அவர் சொல்லித்தான் குறைத்து நிறுத்தினேன். தூக்க மாத்திரை எனக்குக் கொடுக்கவில்லை. அதைக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொண்டு குழந்தையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கிவிடாதீர்கள், அது ஆபத்து.

எல்லோருக்கும் இப்படி ஏழு வாரம் அவகாசம் கிடைக்கும் என்றும் இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அக்கா, பெற்று ஒரு வாரத்தில் மூன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கவில்லை, தூக்கம் வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. ஓயாத பேச்சு, வாசலைப் பத்துத் தடவை கழுவினாள், பிறகு இது என் பிள்ளையே இல்லை மாற்றிவிட்டார்கள் என்றாள். காற்றுக் கருப்பு என்று கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மாசம் ஆனது, போன பிறகு குணமானது. அதற்குப் பெயர் மனச்சோர்வு இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்று ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள் வரும், தூக்கம் போவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று, 2017 மனநலச் சட்டப்படி மூன்று வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால்தான் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கத் தனி வார்டு இருக்கிறது.

மதுரைக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போன் போதும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கினார்கள். என் மகளுக்கு அப்போது ஒரு மாசம், நான் ரயில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சித்தி மகளிடம் நேற்றுப் பேசினேன். முழித்துக்கொண்டு என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள், பிறகு இருபது நிமிஷம் பேசினாள். அடுத்த செக்கப்பில் இதையே டாக்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன், "தூக்கம் வரல" என்று மட்டும் இல்லாமல் முழுசாக. பிரசவத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள், சித்தி ஒண்டியாள், சமாளிக்க முடியாது. சமையலறையில் நின்று இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா வெங்காயம் உரித்தபடியே முறை போட ஆரம்பித்துவிட்டாள். "ஒம்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் நான் வச்சுக்கிடுதேன். அதுக்கு மேல உங்க சித்தி பாக்கட்டும். அந்த வெள்ளிப் பாலாடைய எங்க வச்சேன்னு தெரியல, தேடணும்."

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வெங்காயத் தோலை முறத்தில் தள்ளிவிட்டு, "ஆனா பகல்ல மட்டும் படுக்க விடமாட்டேன், நீர் கோத்துக்கிடும்" என்றாள்.